முதல் ஆய்வு நல்கைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு: கருத்துரு எழுதும் முறை

கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த ஓரிரு ஆண்டுகளிலேயே, "வெளியிலிருந்து ஒரு புராஜெக்ட் கொண்டுவாருங்கள்" என்ற பேச்சு காதில் விழத் தொடங்கிவிடும். அதை எப்படிக் கொண்டுவருவது என்பதை மட்டும் யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதி முடித்தவருக்கு, நல்கை (ஆய்வுக்கான நிதியுதவி) கேட்டு அனுப்பும் திட்ட முன்மொழிவாகிய கருத்துருவை எழுதுவது எளிது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. என் அனுபவத்தில் அந்த ஆய்வேட்டுப் பழக்கமே முதல் இடையூறு. ஆய்வேடு என்பது செய்து முடித்த வேலையைப் பற்றி, அதைப் படித்தே தீரவேண்டிய இரண்டு மூன்று பேருக்காக எழுதப்படுவது. கருத்துருவோ இன்னும் தொடங்காத வேலையைப் பற்றி, பாதியில் மூடிவைத்துவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளக்கூடிய ஒருவருக்காக எழுதப்படுவது.

அந்த ஒருவர் யார் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் ஆய்வுக்கு நிதி தரும் அமைப்புகள் பெரும்பாலானவற்றில் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். இணையத்தில் பதிவேற்றிய கருத்துருவின் தகுதி முதலில் சரிபார்க்கப்படும்; பிறகு துறை வல்லுநர் சிலருக்கு மதிப்பீட்டுக்காக அனுப்பப்படும்; இறுதியில் வல்லுநர் குழு கூடி, பல கருத்துருக்களை ஒரே அமர்வில் எடுத்துப் பேசி முடிவு செய்யும். அந்தக் குழுவில் உங்கள் கருத்துருவை வரிவரியாகப் படித்தவர் ஒருவரோ இருவரோ இருக்கலாம். மற்றவர்கள் அவர் எடுத்துரைப்பதைக் கேட்டுத்தான் தலையாட்டவோ மறுக்கவோ போகிறார்கள். ஆகவே நீங்கள் இல்லாத ஓர் அறையில் உங்கள் சார்பில் சில நிமிடங்கள் பேசப்போகும் அந்த மனிதருக்குப் பேச்சுக்கான சரக்கைத் தருவதே நம் வேலை. இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் ஒவ்வொரு படியும் இதை மனத்தில் வைத்தே சொல்லப்படுகிறது.

எங்கே விண்ணப்பிப்பது

சமூக அறிவியல் துறையினருக்கு 1969-இல் தொடங்கப்பட்ட இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றமும், மருத்துவத் துறையினருக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும், உயிரியல் துறையினருக்கு 1986-இல் அமைந்த மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் முதலில் பார்க்கவேண்டிய இடங்கள். அடிப்படை அறிவியலிலும் பொறியியலிலும் இருப்பவர்கள் நெடுங்காலம் 'செர்ப்' என்ற அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியத்தையே நம்பியிருந்தார்கள். அது இப்போது இல்லை. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவாகி, 2024 பிப்ரவரி 5 அன்று நடைமுறைக்கு வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை அதைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. பணியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கென்றே பிரதமர் பெயரில் ஒரு தொடக்கநிலை ஆய்வு நல்கையை அந்த அறக்கட்டளை அறிவித்திருக்கிறது. மூத்தவர்கள் அன்போடு தரும் பழைய மாதிரிக் கருத்துருவின் தலைப்பில் செர்ப் என்று இருந்தால், அதன் நடையைப் பாருங்கள், படிவத்தைப் பின்பற்றாதீர்கள். மாநில அளவில் 1984 முதல் இயங்கும் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் நல்கைகள் தொகையில் சிறியவை என்றாலும், ஒரு திட்டத்தை வாங்கி, நடத்தி, கணக்கு முடித்துப் பழகிக்கொள்ள அது நல்ல தொடக்கம்.

அழைப்பு அறிவிக்கையை அச்செடுத்து, வயது வரம்பு, பணியின் தன்மை, ஒரே நேரத்தில் ஒருவர் கையில் இருக்கக்கூடிய திட்டங்களின் எண்ணிக்கை, பக்க வரம்பு ஆகியவை வரும் இடங்களைக் கோடிட்டு வையுங்கள். ஆய்வின் தரத்தை யாரும் பார்ப்பதற்கு முன்பே, தகுதிச் சரிபார்ப்பிலேயே விழுந்துவிடும் கருத்துருக்கள் உண்டு. அதைவிட வருத்தமான தோல்வி வேறில்லை.

கேள்வியைக் கூர்மையாக்குவது

1970-களின் நடுவில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வுத் திட்டங்களுக்கு நிதி தரும் டார்பா நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்த ஜார்ஜ் ஹெயில்மயர், தம் முன் வரும் எந்தத் திட்டத்திடமும் கேட்பதற்கென்று சில கேள்விகளை வைத்திருந்தார். என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைக் கலைச்சொல் ஒன்றுகூட இல்லாமல் சொல்லுங்கள், இன்று அது எப்படிச் செய்யப்படுகிறது, அதன் எல்லை எங்கே, உங்கள் வழியில் புதியது என்ன, அது பலிக்கும் என்று ஏன் நினைக்கிறீர்கள், பலித்தால் யாருக்கு என்ன மாறும், இடர்கள் எவை, எவ்வளவு செலவாகும், எவ்வளவு காலம் பிடிக்கும், பாதி வழியில் நின்று பார்த்தால் சரியான பாதையில் போகிறோமா என்பது எப்படித் தெரியும். கணினியைத் திறப்பதற்கு முன் இவற்றுக்கு ஒரு தாளில் கையால் விடை எழுதிப் பாருங்கள். எந்தக் கேள்விக்கு விடை இழுபடுகிறதோ, அந்த இடத்தில்தான் உங்கள் கருத்துரு பலவீனமாக இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு மேலே செல்வோம். நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடை நீக்கும் பொருள் ஒன்றைப் பற்றி ஆராய விரும்பும் வேதியியல் ஆசிரியர் ஒருவர் இப்படித் தொடங்குகிறார் என்று கொள்ளுங்கள்: "நீர் உயிர்களின் ஆதாரம். உலகெங்கும் நீர் மாசுபாடு பெரும் சவாலாக உருவெடுத்துள்ளது. எனவே நீரைத் தூய்மைப்படுத்தும் முறைகளை ஆராய்வது இன்றியமையாதது." இதில் பிழை ஒன்றும் இல்லை, நினைவில் நிற்பதற்கும் ஒன்றும் இல்லை. குழுவில் பேசப்போகிறவர் இதை வைத்துக்கொண்டு என்ன சொல்வார்? "நீரைப் பற்றி ஏதோ செய்யப்போகிறார்" என்பார்.

அதே ஆசிரியர் வேறு விதமாகத் தொடங்கலாம்: "தருமபுரி மாவட்டத்தின் பாறைப்பாங்கான பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் பலவற்றில் ஃபுளோரைடின் அளவு, வேறு நீராதாரம் இல்லாதபோது இந்தியத் தர நிர்ணய அமைப்பு அனுமதிக்கும் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பையும் தாண்டியிருக்கிறது. அதை உறிஞ்சும் பொருள்கள் பல ஆய்வகத்தில் நல்ல பலன் தந்துள்ளன. ஆனால் அச்சோதனைகள் பெரும்பாலும் வாலைவடிநீரில் (காய்ச்சி வடித்த தூய நீரில்) சோடியம் ஃபுளோரைடைக் கரைத்துச் செய்யப்பட்டவை. பைகார்பனேட் மிகுந்த கிணற்று நீரில் அப்பொருள்களின் திறன் குறைகிறது. அந்தக் குறைவை ஈடுசெய்யும் ஒரு பொருளை உருவாக்கி, கிணற்று நீரிலேயே சோதிப்பது இத்திட்டத்தின் பணி." இப்போது இடம் தெரிகிறது, அளவு தெரிகிறது, மற்றவர்கள் எங்கே நின்றுவிட்டார்கள் என்பது தெரிகிறது. குழு உறுப்பினர் இதை இரண்டு வாக்கியத்தில் திருப்பிச் சொல்லிவிட முடியும்.

இத்துடன் நிறுத்திவிடாமல், உங்கள் கருத்துருவைக் கவிழ்க்கக்கூடிய எதிர்க்கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். மேற்கண்ட எடுத்துக்காட்டில் அது கண்முன்னே நிற்கிறது: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஃபுளோரைடு குறைவாக உள்ள காவிரி நீரைத் தருவதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்டிருக்க, வடிகட்டி எதற்கு? இன்னொன்றும் உண்டு: நாகபுரியிலுள்ள 'நீரி' என்ற தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறை, படிகாரமும் சுண்ணாம்பும் கொண்டு இதே வேலையைச் செய்கிறதே, புதிய பொருள் ஏன்? இவற்றை மறைத்துவிட்டால் மதிப்பீட்டாளருக்குத் தோன்றாது என்று எண்ணுவது பேதைமை. எந்தெந்தக் குடியிருப்புகளில் சமையலுக்கு இன்னும் ஆழ்துளைக் கிணற்று நீரே புழங்குகிறது என்று ஓர் ஊராட்சியில் வீடுவீடாகக் கேட்டு எழுதிய ஒரு பக்கக் கணக்கு, படிகார முறையில் சேரும் கசடும் நாள்தோறும் அளந்து போடவேண்டிய தொல்லையும் பற்றிய ஒரு பத்தி ஆகியவை முன்னுரையிலேயே இருந்தால், எதிர்ப்பு எழும் முன்பே அதற்கான விடை உங்கள் சார்பில் பேசுபவரின் கையில் இருக்கும்.

முன்னாய்வுகளைத் தொகுக்கும் பகுதியில் "இதுவரை எவரும் இதை ஆராயவில்லை" என்று எழுதாதீர்கள். அந்தக் கூற்று பெரும்பாலும் பொய். மதிப்பீட்டாளரே அதை ஆராய்ந்தவராக இருந்துவிட்டால் உங்கள் கதை அங்கேயே முடிந்தது. யார் எதுவரை வந்தார்கள், எந்த நிபந்தனையில் அவர்கள் முடிவு பொருந்தாமல் போகிறது என்று துல்லியமாகச் சொல்லுங்கள். இந்திய ஆய்வகங்களில் நடந்த வேலைகளை விட்டுவிட்டு வெளிநாட்டுக் கட்டுரைகளை மட்டும் அடுக்குவதும் நல்ல எண்ணத்தை உண்டாக்காது.

நோக்கங்கள்

மூன்று போதும், நான்கு அதிகபட்சம். "ஆராய்தல்", "பகுப்பாய்வு செய்தல்" என்று முடியும் நோக்கங்கள் எப்போது நிறைவேறின என்று யாராலும் சொல்ல முடியாது. "பைகார்பனேட் செறிவு வெவ்வேறாக உள்ள கிணறுகளின் நீரில் இப்பொருளின் உறிஞ்சும் திறனை அளந்து, வாலைவடிநீரில் கிடைத்த மதிப்புடன் ஒப்பிடுதல்" என்று எழுதினால் முடிவு தேதியில் ஆம் அல்லது இல்லை என்று விடை சொல்லலாம். புதியவர்கள் அடிக்கடி விழும் இன்னொரு குழி, நோக்கங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. முதல் நோக்கத்தில் பொருள் உருவாகாவிட்டால் இரண்டாவதும் மூன்றாவதும் தாமாகவே செத்துப்போகும் என்ற அமைப்பைக் கண்டவுடன் அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் ஓரத்தில் குறித்துவைப்பார். எடுத்துக்காட்டில், ஏற்கெனவே சந்தையில் கிடைக்கும், ஃபுளோரைடை உறிஞ்சும் கிளர்வூட்டிய அலுமினாவை வைத்துக் கிணற்று நீர்ச் சோதனைகளைத் தொடங்கும்படி இரண்டாம் நோக்கத்தை அமைத்துவிட்டால், புதிய பொருள் தாமதமானாலும் வேலை நிற்காது, திட்டத்தின் முடிவில் பயனுள்ள ஒரு தரவுத் தொகுப்பாவது மிஞ்சும்.

முறையியல்: நம்பிக்கை பிறக்கும் இடம்

கருத்துருவின் நீளத்தில் பெரும்பங்கை இந்தப் பகுதிக்கே கொடுங்கள். "தரமான முறைகளின்படி நீர் மாதிரிகள் சேகரிக்கப்பட்டுப் பகுப்பாய்வு செய்யப்படும்" என்ற வாக்கியத்தை நான் எத்தனை கருத்துருக்களில் பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. எத்தனை கிணறுகள், அந்த எண்ணிக்கை எதன் அடிப்படையில், கோடையிலும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னும் தனித்தனியே எடுக்கப்படுமா, ஒவ்வொரு மாதிரியும் எத்தனை முறை அளக்கப்படும், எந்தக் கருவியால், அந்தக் கருவி யாரிடம் இருக்கிறது என்பவை எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஃபுளோரைடை அயனித் தேர்வு மின்முனையால் அளக்கப்போகிறீர்கள் என்றால், அலுமினியம் போன்ற அயனிகள் ஃபுளோரைடைப் பிணைத்துக்கொண்டு அளவீட்டைக் குறைத்துக் காட்டும் என்பதும், அதைத் தவிர்க்கத் தாங்கல் கரைசல் சேர்க்கப்படும் என்பதும் ஒரு வரியில் வந்தாலே, இந்த மனிதர் ஆய்வகத்தில் நின்று வேலை செய்தவர் என்பது படிப்பவருக்குப் புரிந்துவிடும். இத்தகைய சிறு விவரம் பெறும் மதிப்பை, பெரிய உரிமைகோரல் எதுவும் பெறுவதில்லை.

சமூக அறிவியல் திட்டமாக இருந்தாலும் இதே கண்டிப்பு பொருந்தும். "நேர்காணல்கள் நடத்தப்படும்" என்பதற்குப் பதிலாக, எந்த ஊர்களில், யாரை, எப்படித் தேர்ந்து, எந்த மொழியில், யார் கேட்பார்கள், பெண்களிடம் பேசப் பெண் ஆய்வு உதவியாளர் இருப்பாரா, பதிவுகளை எழுத்தாக்க எத்தனை மணிநேரம் ஆகும் என்று எழுதுங்கள். எழுத்தாக்கத்துக்கான நேரத்தைக் குறைத்து மதிப்பிடாத புதியவரை நான் பார்த்ததில்லை.

சிறிய அளவிலாவது முன்சோதனை ஒன்றைச் செய்து அதன் முடிவைச் சேருங்கள். கிணற்று நீர் ஐந்து மாதிரிகளில் எடுத்த அளவீடுகளைக் காட்டும் ஒரு படம், பத்துப் பக்க வாதத்தைவிட உதவும். அதற்குப் பெரிய பணம் தேவையில்லை, முதுகலை மாணவர் ஒருவரின் செய்முறைத் திட்டமே போதும். அடுத்து, எது தவறிப்போகலாம், தவறினால் என்ன செய்வீர்கள் என்று ஒரு பத்தி எழுதுங்கள். இடரை ஒப்புக்கொண்டால் நிதி கிடைக்காது என்ற அச்சம் பலருக்கு உண்டு. என் பார்வையில் அது தலைகீழான கணக்கு. மாற்று வழி எழுதப்படாத திட்டத்தைத்தான் குழுவில் ஆதரித்துப் பேசுவது கடினம்.

பணக்கணக்கு

செலவுத் திட்டத்தைக் கடைசி இரவில் நிரப்பாதீர்கள். முறையியலில் வரும் ஒவ்வொரு வேலைக்கும் செலவில் ஒரு வரி இருக்க வேண்டும். செலவில் வரும் ஒவ்வொரு வரிக்கும் முறையியலில் ஒரு வேலை இருக்க வேண்டும். இரண்டு கிணறுகளில் மட்டும் மாதிரி எடுக்கும் திட்டத்தில் பயணச் செலவு லட்சக்கணக்கில் இருந்தால், மதிப்பீட்டாளர் மற்ற எல்லாவற்றையும் சந்தேகத்தோடு படிக்கத் தொடங்குவார்.

பணியாளர் செலவுக்குத் தொகையை நீங்களாக முடிவு செய்ய வேண்டியதில்லை. அரசு வகுத்த விகிதங்கள் இருக்கின்றன. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி 1 முதல் மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000 ரூபாய். மூன்றாண்டுத் திட்டத்தில் ஒரே ஆய்வாளர் முதலிரண்டு ஆண்டுகள் இளநிலையிலும் மூன்றாம் ஆண்டு முதுநிலையிலும் இருப்பார் என்று கொண்டால், 8,88,000 ரூபாயும் 5,04,000 ரூபாயும் சேர்ந்து 13,92,000 ரூபாய் ஆகிறது; இதன்மேல் ஊருக்கு ஏற்ற வீட்டு வாடகைப்படியைச் சேர்க்க வேண்டும். விண்ணப்பிக்கும் மாதத்தில் நடைமுறையில் உள்ள விகிதத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கருவிக்கு உண்மையான விலைப்புள்ளி வாங்கி இணையுங்கள். அதே கருவி பக்கத்துத் துறையிலோ அருகிலுள்ள பல்கலைக்கழகத்திலோ இருந்தால் அதை ஏன் பயன்படுத்த முடியாது என்ற கேள்வி நிச்சயம் வரும். பயன்படுத்த முடியும் என்றால் கட்டணத்தை மட்டும் கேட்டு, அந்தத் துறைத் தலைவரின் இசைவுக் கடிதத்தை வைப்பது நல்லது. கருவி வாங்குகிறவர்கள் அதன் பராமரிப்பு ஒப்பந்தத்தை மறந்துவிடுவதும், வேதிப்பொருள்களுக்குக் கேட்கிறவர்கள் கண்ணாடிக் கலங்களை மறந்துவிடுவதும் வழக்கம். "எப்படியும் வெட்டுவார்கள், கூட்டியே கேள்" என்ற அறிவுரையை நீங்கள் கேட்காமல் இருக்க முடியாது. அதை நான் ஏற்பதில்லை. காரணம் சொல்ல முடியாத தொகைதான் முதலில் வெட்டப்படுகிறது. அதோடு, கூட்டிக் கேட்டவர் என்ற பெயரும் ஒட்டிக்கொள்கிறது.

பணம் எப்படி வரும் என்பதையும் கால அட்டவணை போடும்போது நினைவில் வையுங்கள். நல்கை தவணைகளாக வரும். முந்தைய தவணைக்கான செலவுக் கணக்கையும், மத்திய அரசின் பொது நிதி விதிகள் வகுத்த 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழையும் அனுப்பிய பிறகே அடுத்தது விடுவிக்கப்படும். ஒரு தலைப்பில் மிஞ்சிய பணத்தை இன்னொரு தலைப்பில் செலவழிக்க முன்அனுமதி வேண்டியிருக்கும். விளம்பரம் கொடுத்து ஆய்வாளரைத் தேர்ந்தெடுப்பதற்கும், விதிப்படி கருவியைக் கொள்முதல் செய்வதற்கும் முதல் ஆறு மாதங்கள் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதத்திலேயே சோதனைகள் தொடங்கும் என்று வரைந்த கால அட்டவணை, வரைந்தவருக்கு அனுபவமில்லை என்பதை மட்டுமே தெரிவிக்கும்.

அனுமதிகளும் கையொப்பங்களும்

மனிதர்களிடம் தரவு திரட்டும் ஆய்வுக்கு நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், விலங்குகளில் செய்யும் சோதனைக்கு அதற்கான குழுவின் ஒப்புதலும் தேவை. இந்திய உயிரி வளங்களை வெளிநாட்டுக் கூட்டாளிகளுடன் சேர்ந்து ஆராய விரும்பினால், 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின்கீழ் சென்னையில் இயங்கும் தேசிய உயிரியல் பன்முகத்தன்மை ஆணையத்தின் விதிகளைத் தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள்.

இவற்றைவிட எளியதாகத் தோன்றி, அதிகம் காலை வாரிவிடுவது நிறுவனத் தலைவரின் கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதம். என் முதல் கருத்துரு மதிப்பீட்டுக்கே போகவில்லை. கையொப்பமிட வேண்டியவர் விடுப்பில் இருந்தார், அவருக்குப் பதிலாகப் பொறுப்பில் இருந்தவர் கோப்பு முறைப்படி மேலே வரட்டும் என்றார், கோப்பு மேலே வந்த நாளில் இணையதளம் மூடப்பட்டுவிட்டது. அன்று முதல், எழுதத் தொடங்கும் வாரத்திலேயே கோப்பையும் தொடங்கிவிடுகிறேன்.

மொழி

கருத்துருவை ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறோம் என்றாலும், சுருக்கவுரையை எழுதுவதற்கு முன் அதை வேறு துறையைச் சேர்ந்த நண்பர் ஒருவரிடம் தமிழில் இரண்டு நிமிடம் சொல்லிப்பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது நமக்கே விளங்காததைக் கடன்வாங்கிய தொடர்களால் மூடிவிட முடிகிறது. தமிழில் சொல்லும்போது அந்த வசதி இல்லை, சிந்தனையில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே நாக்கு தடுக்கும். நண்பர் அதைத் திருப்பிச் சொல்லட்டும். அவர் விட்டுவிட்டதும் மாற்றிச் சொன்னதும்தான் திருத்தவேண்டிய இடங்கள். வல்லுநர் குழுவில் நடக்கப்போவதன் ஒத்திகை இதுவே.

சுருக்கவுரையை முதலில் எழுதிக்கொண்டு, மற்றவை முடிந்தபின் முழுவதுமாகத் திரும்ப எழுதுங்கள். நேரமில்லாத உறுப்பினர் படிப்பது அந்த ஒரு பக்கம் மட்டுமே. பிறர் கட்டுரையிலிருந்தோ உங்கள் பழைய கட்டுரையிலிருந்தோ வரிகளை அப்படியே ஒட்டாதீர்கள். எழுத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருளின் அறிக்கையை இணைக்கச் சொல்லும் அமைப்புகள் இருக்கின்றன.

திரும்பி வந்தால்

முதல் முயற்சியில் மறுக்கப்படுவது இயல்பு. மதிப்பீட்டாளர் கருத்துகள் வந்த அன்று அவற்றுக்கு மறுமொழி எழுதாதீர்கள்; ஒரு வாரம் கழித்து எடுத்து, ஒவ்வொரு கருத்தையும் "நான் சரியாகச் சொல்லாதது", "நான் யோசிக்காதது", "அவர் தவறாகப் புரிந்துகொண்டது" என்று பிரியுங்கள். மூன்றாம் வகை என்று முதலில் ஒதுக்கியவற்றில் பெரும்பாலானவை, இரண்டாம் முறை பார்க்கும்போது முதல் வகைக்கு நகர்ந்துவிடும். ஃபுளோரைடு எடுத்துக்காட்டில், "உறிஞ்சி முடித்த பொருளை எங்கே கொட்டுவீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருந்தால், அது இரண்டாம் வகை; அதற்கு ஒரு வரி விளக்கம் போதாது, மறுசுழற்சியையும் பாதுகாப்பாக அகற்றுவதையும் முறையியலில் ஒரு சோதனையாகவே சேர்க்க வேண்டும்.

மறுபடி அனுப்ப விதிகள் இடம் தரும்போது, எந்தக் கருத்துக்காக எந்தப் பக்கத்தில் என்ன மாற்றப்பட்டது என்று ஒரு பக்க அட்டவணையை முகப்பில் வையுங்கள். மாற்றாமல் விட்டவற்றுக்கும் காரணத்தை அதே அட்டவணையில் மரியாதையாக எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் இதே கருத்துருவை எடுத்துப் பேசப்போகிறவர் சென்ற முறை மறுத்தவராகவே இருக்கலாம்.